மழைக்கு முன் ஜெனரேட்டரைத் தயார் செய்யுங்கள்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அப்போது குடிநீர்த் தொட்டி நிரப்பவும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஜெனரேட்டர்தான் கை கொடுத்தது. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைச் சொந்தமாக வாங்கி வைத்திருக்கும் விவசாயிகளை இன்று பல ஊர்களில் காண்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே அதை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். அந்தப் புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் தங்கியிருந்தேன். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் ஓட விட்டிருந்தார்கள். ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. ஒரு மணி நேரத்தில் வீட்டுப் பெரியவருக்குத் தலைவலி, வாந்தி. தென்னை விழுந்த கவலையில் சரியாகச் சாப்பிடவில்லை, பித்தம் என்றார்கள். எனக்கும் தலை சுற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்தோம். படித்த எனக்கே அதுவரை தோன்றவில்லை!

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்து போகலாம். ஜன்னலைத் திறந்து வைப்பதோ மின்விசிறி போடுவதோ போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்குமாறு வையுங்கள். மோட்டார் கொட்டகை, மாட்டுத் தொழுவம் இவற்றுக்குள்ளும் கூடாது. நனையாமல் இருக்க நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டால் போதும். சுவர் வைக்கக் கூடாது. யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108க்குச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒயரிங். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை வீட்டுப் பிளக் பாயிண்டில் இணைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. ஒரு முனை கழன்றால் பிளக்கின் பித்தளைக் கம்பியிலேயே மின்சாரம் இருக்கும். மெயினை இறக்க மறந்தாலோ, மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற டிரான்ஸ்பார்மர், எதிர்த்திசையில் வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். அந்நேரம் கம்பத்தில் இருப்பவர் நம் ஊருக்கு வெளிச்சம் தர வந்த லைன்மேன். லைன் அணைந்துவிட்டது என்று நம்பித்தான் அவர் கம்பியைத் தொடுகிறார்.

ஆகவே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் சட்டத்தில் உள்ள எர்த் திருகையும் அவரையே இணைக்கச் சொல்லுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தெரிவித்துவிடுவதும் உசிதம். சுவிட்ச் பொருத்தும் வரை, பழுதில்லாத தடித்த ஒயரில் விளக்கையும் விசிறியையும் நேராக ஜெனரேட்டரிலிருந்தே இணைத்துக் கொள்ளலாம்.

எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்பார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆனால் மோட்டார் கிளம்பும்போது அதைப் போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கேட்கும். 1 கிலோவாட் ஜெனரேட்டரில் விளக்கும் விசிறியும் ஓடும்; 1 குதிரைத்திறன் மோட்டார் கிளம்பாது. வயலில் உள்ள மும்முனை மோட்டாரை வீட்டு ஜெனரேட்டரில் இணைக்க முயலவே வேண்டாம்.

சமதரையில் வைத்து ஆயில் அளவு பாருங்கள். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்திக் கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். பெட்ரோல் கேனை அடுப்பங்கரைப் பக்கம் வைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, இரண்டு விசிறிகளை இணைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம்.

மழைக்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். டாங்க்கில் மிஞ்சியதை வடித்து மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக் கொள்ளலாம். பழைய பெட்ரோல் பிசின் போல் படிந்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.