தைப்பூசமில்லா நாளில் தண்ணீர்மலை

ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு கல்வியே. ஏட்டில் படித்தது மறந்து போகலாம். காலால் நடந்து, கண்ணால் கண்டது எளிதில் மறப்பதில்லை.

பள்ளி விடுமுறை நாளொன்றில் நம் மாணவர் சிலரைத் தண்ணீர்மலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், “இதற்குத் தண்ணீர்மலை என்று ஏன் பெயர் வந்தது?” என்று அவர்களைக் கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு வருபவர்கள்தாம்; இரதத்தையும் காவடியையும் தண்ணீர்ப் பந்தலையும் அறிந்தவர்கள்தாம். எனினும் விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. குறை பிள்ளைகளுடையதன்று, சொல்லிக் கொடுக்காத நம்முடையதே. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் பெயரின் காரணத்தைக் காண்போம். பினாங்குத் தீவின் நடுவே உயர்ந்து நிற்பது கொடிமலைத் தொடர். அதன் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 830 மீட்டர் உயரமுடையது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுகின்றது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஆகவே உச்சியில் நகரத்தைவிட ஏறக்குறைய ஐந்து பாகை குளிர்ச்சி மிகுதி. குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் மேகமாகி, மழையாகப் பொழிகின்றது. காட்டு மரங்களின் வேர்களும் சருகு மண்ணும் அந்நீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. அவ்வோடை நீர் அருவியாகி இறங்குகின்றது. நகர மக்களின் தாகத்தைத் தீர்த்த அருவி அது. அருவியை அடுத்த இடம் ஆதலின் தண்ணீர்மலை ஆயிற்று.

இனி, ஒரு நாளில் காணத்தக்கவற்றைச் சொல்வோம். காலையில் முதலில் மலைக்கோயிலுக்குச் செல்லலாம். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 513 படிகள் உள்ளன. இன்று நாம் காணும் பெரிய ஆலயத்தின் குடமுழுக்கு 2012ஆம் ஆண்டில் நடைபெற்றது. கீழே சாலையோரத்தில் நகரத்தார் 1857ஆம் ஆண்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் உள்ளது. தைப்பூசத்திற்கு முதல் நாள் நகரத்திலிருந்து வெள்ளி இரதம் வந்து சேர்வது இக்கோயிலுக்கே. கூட்டமில்லா நாளில் சென்றால், படிகளில் அமர்ந்து நகரத்தையும் கடலையும் நிதானமாகக் காணலாம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் தாவரவியல் பூங்கா இருக்கின்றது. கருங்கல் வெட்டி எடுக்கப்பட்ட பழைய இடத்தில், 1884ஆம் ஆண்டில், சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பில் இது உருவாக்கப்பட்டது. நாகலிங்க மரத்தை இங்குக் காணலாம். பூவும் காயும் கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்திலேயே தொங்கும் விந்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குரங்குகளுக்கு மட்டும் உணவு கொடுக்கலாகாது. மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய குரங்கு, பின்னர்ப் பையைப் பறிக்கும், கடிக்கவும் கூடும்.

பூங்காவின் அருகிலிருந்து மலையுச்சிக்கு நடைவழியும் உண்டு, தார்ச்சாலையும் உண்டு. சாலைவழி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், ஏற்றம் கடுமையானது. நடக்க இயலாதோர் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலில் செல்லலாம். 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ரயில் இது. ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள் இணைந்துள்ளன. ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்றை மேலே இழுக்க உதவுகின்றது. கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பது போன்றதே இம்முறை. முன்னாளில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011 முதல் மாறாமலேயே உச்சிக்குச் செல்லலாம். மலேசியர்க்குக் கட்டணம் குறைவு. ஆதலின் பெற்றோர் தம் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் மறவாது கொண்டு செல்வது நன்று.

மாலையில் ஜார்ஜ் டவுன் நகரத்தில் நடக்கலாம். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இறங்கிய கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கின்றது. அருகே 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் உள்ளது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த கட்டடம் அது. கட்டச் சொன்னவர் பெயர் நூல்களில் இருக்கின்றது. கல் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. அவ்விடத்தில் ஒரு நிமிடம் நின்று செல்வோம். சற்று நடந்தால் சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவற்றைக் காணலாம். பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்ததன் சான்று இத்தெரு. இந்நகரத்தை 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் கூஸ்கோ என்னும் பழைய நகரம் உண்டு; அதுவும் உலக மரபு நகரமே. ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலிருப்பதால் அங்கே காற்று மெலிந்திருக்கும். வந்தவர்க்கு மூச்சு வாங்கும். முதல் நாள் ஓய்வெடுத்த பின்னரே ஊர் பார்ப்பர். நம் மலையில் அத்துன்பமில்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மரமே மலையின் மண்ணைப் பிடித்திருக்கும் கை. அக்கையை வெட்டினால் நீரும் நில்லாது, நிலமும் நில்லாது. 2021ஆம் ஆண்டில் இம்மலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காப்பது நம் கடமை.

மலைக்குச் செல்வோர் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். விடியற்காலையில் புறப்படுக. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் வழுக்காத காலணியும் வேண்டும். பெரியவரின்றிப் பிள்ளைகள் நடைவழியில் செல்லலாகாது. வானம் கறுத்தால் ஓடையை விட்டு விலகுக. மேலே பெய்த மழை கீழே திடீரென வெள்ளமாக வரும். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருக.

தோட்டத்தில் விடியுமுன் எழுந்து உழைக்கும் பெற்றோர்க்கு ஓய்வு நாள் அரிது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆண்டில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பேருந்திலோ ஃபெரியிலோ வாருங்கள். அடுத்த முறை எவரேனும் மலையின் பெயர்க் காரணத்தைக் கேட்டால், நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து விடை கூறட்டும்.