எக்ஸெல் கணக்கு ஏன் சில நேரம் சுற்றிச் சுற்றி வருகிறது?

கடைக் கணக்கு, கல்யாணச் செலவு, ஜமாஅத் சந்தா வரவு என இன்று நம்மில் பலரும் எக்ஸெல் தாளில்தான் எழுதி வைக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு பெட்டி எழும்பி, 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' இருப்பதாக ஏதோ சொல்லும். நாமும் படிக்காமலேயே ஓகே கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வோம். அதன் பிறகு அந்தத் தாளின் அடியில் நிற்கும் கூட்டுத்தொகை உண்மையான கூட்டுத்தொகையாக இல்லாமல் போகலாம். அந்தத் தாளைத்தான் அச்செடுத்துக் கூட்டத்தில் வாசிக்கிறோம், பங்காளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஆகவே அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில், எக்ஸெல் எந்த வரிசையில் கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கட்டத்தில் நாம் ஃபார்முலா எழுதியவுடன், அது வேறு எந்தெந்தக் கட்டங்களை நம்பி நிற்கிறது என்பதை எக்ஸெல் குறித்து வைத்துக்கொள்கிறது. உதாரணமாக, வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கும் ஒருவர் ரியாலின் ரூபாய் மதிப்பை பி1 கட்டத்தில் வைத்திருக்கிறார். கீழே 200 வரிகளில் ஒவ்வொரு பொருளின் ரியால் விலையையும் பி1 ஆல் பெருக்கி ரூபாய் விலை வருகிறது. அந்த விலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மொத்தம். பி1 ஐ மாற்றினால், அதை நம்பியுள்ள 200 கட்டங்களையும், அந்த 200 ஐ நம்பியுள்ள மொத்தத்தையும் 'இவை பழசாகிவிட்டன' என்று எக்ஸெல் அடையாளமிடுகிறது. பிறகு அவற்றை மட்டும் திரும்பப் போடுகிறது. அதே கோப்பில் இருக்கும் சம்பளக் கணக்கை அது தொடுவதே இல்லை. ஆயிரக்கணக்கான ஃபார்முலா உள்ள கோப்பும் கண்ணிமைக்கும் நேரத்தில் புதுப்பிக்கப்படுவதற்கு இதுதான் காரணம்.

திரும்பப் போடும்போதும் ஒழுங்கு உண்டு. மொத்தத்தைப் போட வரும்போது, அது நம்பியிருக்கும் ஒரு விலை இன்னும் போடப்படவில்லை என்றால், மொத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த விலையை முதலில் முடிக்கும். இப்படி ஒருமுறை சரிசெய்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் பயன்படுத்தும்.

இந்த வசதி ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 1979 இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க், டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கியது. அது வரிசை வரிசையாகவோ, பத்தி பத்தியாகவோ மட்டுமே கணக்குப் போடும். மேலே உள்ள ஒரு கட்டம் கீழே உள்ள ஒன்றை நம்பியிருந்தால் முதல் சுற்றில் பழைய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். விடை நிலைக்கும்வரை ஆச்சரியக்குறி விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருந்தது. 1983 இல் வந்த லோட்டஸ் 1-2-3 எது எதை நம்புகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தியது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரெனே பார்டோ, ரெமி லாண்டோ என்ற இருவர் 1969 லேயே லான்பார் என்ற நிரலில் இந்த வழியைக் கண்டுவிட்டார்கள். அதற்கான காப்புரிமை அவர்கள் கைக்கு வந்ததும் 1983 இல்தான்!

சில ஃபங்ஷன்கள் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காதவை. இன்றைய தேதி காட்டும் டுடே, நேரம் காட்டும் நவ், ஏதோ ஓர் எண் தரும் ராண்ட் ஆகியவை எதையும் நம்பியிருக்காமலேயே மாறுபவை. இன்டைரக்ட், ஆஃப்செட் இரண்டும் எந்தக் கட்டத்தைத் தொடப்போகின்றன என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே எங்கே எது மாறினாலும் எக்ஸெல் இவற்றையும், இவற்றை நம்பியவற்றையும் திரும்பப் போடுகிறது. ஒரு கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல் மூடும்போதே 'சேமிக்கவா?' என்று கேட்கிறதே, அதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். கோப்பு மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களும் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும்.

மெதுவாகிவிட்டது என்பதற்காகச் சிலர் கணக்கிடும் முறையை 'மேனுவல்' என்று மாற்றி வைத்துவிடுகிறார்கள். அதன்பின் எஃப்9 அழுத்தினால்தான் கணக்கு புதுப்பிக்கப்படும். அழுத்தும்வரை திரையில் நிற்பது பழைய எண். கீழ்ப்பட்டையில் 'கால்குலேட்' என்று ஒரு சொல் தோன்றும், அவ்வளவுதான் எச்சரிக்கை. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்த முறை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இயங்குவதில்லை. நாம் அன்று முதலில் திறந்த கோப்பு எந்த முறையில் இருந்ததோ, அதே முறையில்தான் பிறகு திறக்கும் எல்லாக் கோப்புகளும் இயங்கும். நண்பர் அனுப்பிய ஒரு மேனுவல் கோப்பைக் காலையில் திறந்துவிட்டு, பிறகு நம் கடைக் கணக்கைத் திறந்தால் நம் கணக்கும் மேனுவல் ஆகிவிடும். ஒரு வரவைத் திருத்தினோம், மொத்தம் மாறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃபார்முலாஸ் பட்டியலில் உள்ள 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்'.

இனி சுற்றுக்கு வருவோம். ஏ1 கட்டம் பி1 ஐ நம்புகிறது, பி1 திரும்ப ஏ1 ஐ நம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் போடுவது? ஒன்றை முடிக்காமல் மற்றதை முடிக்க முடியாது. வரிசையே இல்லாமல் போய்விடுகிறது. எக்ஸெல் எழுப்பும் பெட்டி சொல்வது இதைத்தான். ஓகே கொடுத்துவிட்டால் அந்தக் கட்டத்தில் 0 நிற்கும், அல்லது கடைசியாகப் போட்ட பழைய எண் நிற்கும். 0 நின்றால் யாராவது கவனித்துவிடுவார்கள். பழைய எண் நின்றால்தான் ஆபத்து, பார்ப்பதற்கு அது சரியான கணக்கு போலவே இருக்கும். போதாக்குறைக்கு, ஒருமுறை பெட்டியை மூடிவிட்டால், அதே கோப்பில் அடுத்தடுத்து வரும் சுற்றுகளுக்குப் பல வேளைகளில் அந்தப் பெட்டி மீண்டும் வருவதில்லை.

பெரும்பாலான சுற்றுகள் வெறும் கைத்தவறு. பி2 முதல் பி19 வரை கூட்ட வேண்டிய இடத்தில், மொத்தம் எழுதும் பி20 ஐயும் சேர்த்து இழுத்துவிடுவது. தன்னையே தன்னோடு கூட்டச் சொன்னால் அது என்ன செய்யும்? இதைத் திருத்துவது எளிது. கண்டுபிடிப்பதற்கு, கீழ்ப்பட்டையில் 'சர்க்குலர் ரெஃபரன்சஸ்' என்ற சொல்லுக்கு அருகில் கட்டத்தின் பெயர் இருக்கும். பெயர் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால் சுற்று வேறொரு தாளில் இருக்கிறது என்று பொருள். ஃபார்முலாஸ் பட்டியலில் 'எர்ரர் செக்கிங்' அருகே உள்ள அம்புக்குறியை அழுத்தினாலும் சுற்றில் உள்ள கட்டம் தெரியும். கூகுள் ஷீட்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். எண்ணே காட்டாமல் கட்டத்தில் பிழைக் குறியைப் போட்டுவிடும். லிப்ரெஆஃபீஸ் 522 என்ற பிழை எண்ணைக் காட்டும். நம் பார்வையில் இந்த இரண்டும் செய்வதே மேல்.

ஆனால் எல்லாச் சுற்றும் கைத்தவறு அல்ல. ஒருவர் முதல் போடுகிறார், இன்னொருவர் கடையை நடத்துகிறார். நடத்துபவருக்கு 'லாபத்தில் 10 சதவீதம்' என்று பேச்சு. மாத லாபம் 1,10,000 ரூபாய். அவர் பங்கு 11,000 என்று உடனே சொல்லிவிடலாம். முதல் போட்டவரோ, 'உங்கள் பங்கும் கடைக்கு ஒரு செலவுதானே, அதைக் கழித்த பிறகு மிஞ்சும் லாபத்தில்தான் 10 சதவீதம்' என்கிறார். இப்போது பங்கு தெரிய வேண்டுமானால் நிகர லாபம் தெரிய வேண்டும், நிகர லாபம் தெரிய வேண்டுமானால் பங்கு தெரிய வேண்டும். இதை அப்படியே இரண்டு கட்டங்களில் எழுதினால் எக்ஸெல் பெட்டியை எழுப்பும். இந்தச் சுற்று எக்ஸெல் உண்டாக்கியது அல்ல, பேச்சிலேயே இருந்தது.

இதற்காக 'இடரேட்டிவ் கால்குலேஷன்' என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எக்ஸெல் சுற்றைக் கண்டு நிற்காமல், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். முதலில் பங்கு 0 என்று வைத்தால் நிகர லாபம் 1,10,000, பங்கு 11,000. அதைக் கழித்தால் நிகரம் 99,000, பங்கு 9,900. அடுத்த சுற்றில் 10,010. பிறகு 9,999. பிறகு 10,000.10. இப்படி மேலும் கீழும் ஆடி ஆடி 10,000 இல் வந்து நிற்கும். வழக்கமாக அதிகபட்சம் 100 சுற்று, அல்லது ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.001 க்குக் கீழே போனால் நிறுத்து என்பது கணக்கு. இங்கே பத்துச் சுற்றுக்குள் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தவறு பத்தில் ஒரு பங்காகக் குறைவதால்தான் இது நிலைக்கிறது. தவறு குறையாமல் பெருகும்படி அமைந்த சுற்றாக இருந்தால், 100 சுற்று முடிந்ததும் எங்கே நிற்கிறதோ அந்த அர்த்தமற்ற எண்ணையே விடை போல் காட்டும்.

பெட்டியின் தொல்லை தீர்ந்தது என்று இந்த வசதியை இயக்கி வைத்துவிடுபவர்கள் உண்டு. அது கூடாது. இயக்கிய பிறகு எக்ஸெல் எந்தச் சுற்றுக்கும் எச்சரிக்கை தராது. நாளைக்கு மொத்தத்தில் கைத்தவறாக அதே கட்டத்தைச் சேர்த்தாலும் சத்தமே வராது. ஒருவர் சி2 கட்டத்தில், பி2 இல் எழுதுகிற தொகை ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே வரட்டும் என்று நினைத்து, 'சி2 கூட்டல் பி2' என்று எழுதுகிறார் என்று வையுங்கள். பி2 இல் 500 எழுதியவுடன் சி2 இல் 50,000 வந்து நிற்கும், 100 சுற்றிலும் 500 சேர்ந்துவிட்டது. இன்னொன்று, சுழலும் கட்டங்களுக்குள் ஒருமுறை பூஜ்யத்தால் வகுத்த பிழை நுழைந்துவிட்டால், காரணத்தைச் சரிசெய்த பிறகும் அது வெளியேறாது. பிழை பிழையையே உண்டு சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தின் ஃபார்முலாவை அழித்து, சாதாரண எண் ஒன்றை வைத்து, பிறகு ஃபார்முலாவைத் திரும்ப எழுதினால்தான் தீரும். இந்த அமைப்பும் மேனுவல் முறையைப் போலவே முதலில் திறந்த கோப்பிலிருந்து மற்றவற்றுக்குத் தொற்றும்.

மேலே சொன்ன பங்குக் கணக்குக்கு இந்த வசதியே தேவையில்லை. நிகர லாபம் 100 என்றால் நடத்துபவர் பங்கு 10, இரண்டும் சேர்ந்து கழிக்கும் முன் இருந்த லாபம் 110. ஆக, மொத்த லாபத்தை 10 ஆல் பெருக்கி 110 ஆல் வகுத்தால் 10,000 நேராக வந்துவிடும். 20 சதவீதம் என்றால் 20 ஆல் பெருக்கி 120 ஆல் வகுக்க வேண்டும். சுற்றும் இல்லை, பெட்டியும் இல்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே விடை. எந்த லாபத்தில் சதவீதம் என்பதை மட்டும் தாளுக்கு வருவதற்கு முன்பே, ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். 'கழித்த பிறகு' என்ற அந்த இரண்டு சொற்களின் விலை இங்கே மாதம் 1,000 ரூபாய்.