காலாங்கில் கைதட்டிய அந்த ஜூன் மாதம்

தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் 2029ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூருக்கு வருகின்றன. 2025ல் உயர்நிலை ஒன்றில் இருந்தவர்கள் அப்போது தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படித்துக்கொண்டிருப்பார்கள். என் வயதினர் வேலைக்குப் போயிருப்போம். இந்தப் போட்டிகளைச் சிங்கப்பூர் இதுவரை நான்கு முறைதான் ஏற்று நடத்தியுள்ளது: 1973, 1983, 1993, 2015. கடைசி இரண்டுக்கும் நடுவில் 22 ஆண்டு இடைவெளி. சொந்த ஊரில், ரயிலில் போய் இறங்கும் தூரத்தில், அனைத்துலகப் போட்டி ஒன்றைப் பார்ப்பது அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பு அன்று.

எனக்கு அந்த வாய்ப்பு 2015ல் கிடைத்தது. அப்போது நான் தொடக்கநிலை நான்கில் படித்தேன். நாடு பொன்விழா கொண்டாடிய ஆண்டு அது. ஜூன் 5 முதல் 16 வரை போட்டிகள் நடந்தன. பள்ளி விடுமுறை என்பதால் தாத்தா, அக்கா, நான் மூவரும் கிடைத்த நாளிலெல்லாம் காலாங்கிற்குக் கிளம்பிவிடுவோம். அன்று கண்ணால் பார்த்தது பாதிதான். மீதிப் பாதி புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நிலாவும் நெருப்பும்

அந்தப் போட்டிகளின் சின்னம் நிலா என்ற சிங்கம். சாங் நீல உத்தமாவின் பெயரிலிருந்து வந்த பெயர் அது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். ஆனாலும் எங்கள் வீட்டில் அது வானத்து நிலாதான். "நிலாவுக்கு எதற்கடி பிடரிமயிர்?" என்று பாட்டி கேட்டது இன்றும் எங்கள் குடும்பத்தில் ஓடும் நகைச்சுவை.

தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். காற்பந்து நட்சத்திரம் ஃபாண்டி அகமது தம் மகன் இர்ஃபானுடன் சேர்ந்து போட்டிச் சுடரை ஏற்றினார். தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். ஃபாண்டி என்ற பெயர் அவருடைய தலைமுறைக்கு என்ன பொருள் தந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் நின்றதால் நானும் நின்றேன்.

ஒரு நிமிட மௌனம்

அதே ஜூன் 5 காலையில் சாபாவின் கினபாலு மலையில் நிலநடுக்கம் ஏற்பட்டது. மலையேறச் சென்றிருந்த சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் குழுவில் ஏழு மாணவர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தனர். ஜூன் 8 தேசிய நினைவு நாளாக அறிவிக்கப்பட்டது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

அன்று நாங்கள் நீச்சல் போட்டி பார்க்கப் போயிருந்தோம். போட்டி தொடங்குமுன் எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். நீச்சல் குளம் ஒன்று அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஓரத்தில் மோதும் சத்தம்கூடக் கேட்டது. இறந்த மாணவர்கள் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்கள். பக்கத்தில் வேறு நாட்டுக் கொடியைப் போர்த்தியிருந்த ஓர் ஆடவர் தலைகுனிந்து நின்றார். போட்டியாளர்களின் நாடுகள் வெவ்வேறாக இருக்கலாம். துக்கத்தில் அப்படி இல்லை என்பதை யாரும் விளக்காமலே அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு நீச்சல் தொடங்கியது. கூட்டம் மெல்ல மெல்லக் குரலைத் திரும்பப் பெற்றது. அந்தப் போட்டிகளில் ஜோசப் ஸ்கூலிங் ஒன்பது தங்கம் வென்றார். ஒன்பதிலும் புதிய போட்டிச் சாதனை. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 50.39 வினாடிகளில் வந்து நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றவர் அவர்தான். அவரை நேரில் பார்த்திருக்கிறேன் என்று வகுப்பில் பெருமையடிக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

42 ஆண்டு இடைவெளி

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றியன்று. ஜூன் 10ஆம் தேதி மாலை நடந்த பெண்கள் 200 மீட்டர் ஓட்டத்தைப் பற்றி.

தேசிய அரங்கத்தில் 55,000 இருக்கைகள். கீழ் அடுக்கு இருக்கைகள் விளையாட்டிற்கேற்ப முன்னும் பின்னும் நகரும். நாங்கள் வளைவு முடியும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்தோம். மேலே நிமிர்ந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள் தெரிந்தன. திடல்தடப் போட்டிகளுக்கு அவ்வளவு பெரிய அரங்கம் நிறைவது எளிதன்று.

தாத்தா அதே இடத்தில் இருந்த பழைய தேசிய அரங்கத்தைப் பார்த்தவர். அது திறக்கப்பட்ட 1973ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூர் முதன்முறையாக ஏற்று நடத்திய தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளுக்கு நண்பர்களுடன் போயிருக்கிறார். அப்போது அவருக்கு 20 வயது. காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனதாகச் சொல்வார். அந்நாளில் அதை விற்றவர்களில் பலர் நம் தமிழர்கள். "கடலைக்காரர் நம்ம ஊர்ப் பேச்சுப் பேசுவார், ஒரு பிடி கூடப் போடுவார்" என்பது அவர் நினைவு. அந்தப் போட்டிகளில் பெண்கள் 200 மீட்டரில் சிங்கப்பூரின் குளோரி பார்னபஸ் தங்கம் வென்றார். அதன் பிறகு 42 ஆண்டுகள் அந்தத் தங்கம் சிங்கப்பூருக்குக் கிடைக்கவே இல்லை.

ஓட்டக்காரர்கள் தொடக்கக் கோட்டில் நின்றபோது, வெளித் தடத்தில் இருப்பவர் முன்னால் நிற்பது நியாயமா என்று கேட்டேன். தாத்தா சொன்னார்: "வெளித் தடத்துல வளைவு நீளம்மா. அதை ஈடுகட்டத்தான் முன்னால நிறுத்துறாங்க. இப்ப யாரு முன்னால, யாரு பின்னாலன்னு சொல்ல முடியாது. வளைவு முடியட்டும், அப்பத்தான் தெரியும்."

வளைவு முடிந்தது. 18 வயது சாந்தி பெரேரா முன்னால் வந்தார். காலி இருக்கைகள் இருந்தது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினாள். பலகையில் 23.60 வினாடி என்று வந்தது. தங்கம், கூடவே தேசியச் சாதனை. தாத்தா கத்தவில்லை. கைதட்டினார், நிறுத்தாமல் தட்டினார். 20 வயதில் பார்த்த ஒன்றை 62 வயதில் மறுபடி பார்த்தவரின் கைதட்டல் அது.

போட்டிகள் முடிந்தபோது சிங்கப்பூரிடம் 84 தங்கம், 73 வெள்ளி, 102 வெண்கலம் இருந்தன. மொத்தம் 259. தாய்லாந்துக்கு அடுத்து இரண்டாம் இடம். அதுவரை சிங்கப்பூர் எந்தத் தென்கிழக்காசியப் போட்டியிலும் பெறாத எண்ணிக்கை.

யாரும் பார்க்காத ஆண்டுகள்

இத்துடன் நிறுத்தினால் அழகான கதைதான். ஆனால் சாந்தியின் ஓட்டம் அத்துடன் முடியவில்லை.

அடுத்து வந்த 2017, 2019 தென்கிழக்காசியப் போட்டிகளில் அவருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. காயங்கள் வந்தன. இடையில் விளையாட்டாளர்களுக்கான உபகாரச் சம்பளமும் நின்றது. 2015ல் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டுகளில் அவரைப் பற்றி விசாரித்திருப்போம்? 2022ல் ஹனோயில் மீண்டும் 200 மீட்டர் தங்கம் வென்றார். 2023ல் புனோம் பென்னில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் 22.57 வினாடியில் ஓடினார். ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 200 மீட்டர் தங்கத்தையும் 100 மீட்டர் வெள்ளியையும் பெற்றார். 1974க்குப் பிறகு ஆசிய விளையாட்டுகளில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் திடல்தடத் தங்கம் அது.

23.60லிருந்து 22.57க்கு வர எட்டு ஆண்டுகள். வித்தியாசம் 1.03 வினாடி. ஒருமுறை கைதட்டி முடிப்பதற்குள் போய்விடும் நேரம். அதற்காக எட்டு ஆண்டு அதிகாலைப் பயிற்சிகளும் தோல்விகளும் தேவைப்பட்டன. நாம் அரங்கில் பார்ப்பது அந்த இருபத்து சொச்சம் வினாடிகளைத்தான். மற்றவை காலி இருக்கைகளுக்கு முன்னால் நடக்கின்றன.

ஐந்தாம் இடத்துக்கும் கைதட்டு

என் அக்காவும் ஓடுபவள்தான். உயர்நிலைப் பள்ளியில் 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டக் குழுவில் இருந்தாள். 2015க்கு அடுத்த ஆண்டு அவளுக்குச் சாதாரண நிலைத் தேர்வு. இணைப்பாட நடவடிக்கையை விட்டுவிட்டுப் படிப்பில் கவனம் செலுத்தச் சொன்னார் அம்மா. நம்மில் பலர் வீட்டில் கேட்கும் பேச்சுதான் இது. அம்மா தவறாகச் சொல்லவில்லை; தேர்வு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்ற கவலை அவருக்கு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பயிற்சி, மற்ற நாள்களில் துணைப்பாடம் என்று கடைசியில் உடன்பாடு ஆனது.

அந்த ஆண்டுப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்குத் தாத்தாவுடன் நானும் போனேன். வார நாள், பகல் வெயில். பார்வையாளர் பகுதியில் மாற்று ஆட்டக்காரர்கள், சில ஆசிரியர்கள், விரல்விட்டு எண்ணும் அளவில் பெற்றோர். அக்காவின் குழு ஐந்தாவதாக வந்தது. சாந்திக்குத் தட்டியதுபோலவே தாத்தா அவர்களுக்கும் தட்டினார். கோலை வாங்கும்போது தடுமாறிக் கடைசியாக வந்த பள்ளிக்கும் தட்டினார்.

அந்த நாளைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்து அக்காவிடம் கேட்டேன். "ஐந்தாவதா வந்தது கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா தாத்தா அங்க இருக்கார்னு தெரியும். அதனால கடைசி இருபது மீட்டர்ல நான் விடல" என்றாள். இன்று அவள் வேலை முடிந்து மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடுகிறாள். பதக்கம் எதுவும் இல்லை. ஓட்டம் இருக்கிறது.

தாத்தா இப்போது இல்லை. பார்வையாளராக இருப்பதும் ஒரு பொறுப்பு என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். வெற்றி நிச்சயமான இடத்துக்கு எல்லாரும் வருவார்கள். வெற்றி இல்லாத நாளிலும் ஒருவர் வந்து உட்கார்ந்தால், தடத்தில் ஓடுபவருக்கு அது தெரிகிறது.

2029க்கு முன்

2025ஆம் ஆண்டு ஜூலையில் உலக நீர் விளையாட்டு வெற்றியாளர் போட்டிகள் தென்கிழக்காசியாவில் முதன்முறையாகச் சிங்கப்பூரில் நடந்தன. அவற்றைக் காணச் சென்றபோது, நுழைவாயிலில் வழிகாட்டிய தொண்டூழியர்களில் பலர் என் வயதினராக இருந்ததைக் கவனித்தேன். 2015ல் அவர்களும் என்னைப்போல் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளாக இருந்திருக்கலாம்.

2029ல் நானும் தொண்டூழியராகப் பதிவு செய்ய எண்ணியுள்ளேன். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று நம் நாட்டுச் சீருடையில் ஓடப்போகிறவர்களில் சிலர் இப்போது ஏதோ ஒரு பள்ளித் திடலில், யாரும் பார்க்காத பயிற்சியில் இருக்கிறார்கள். ஒருவேளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். பயிற்சிக்குப் பின் களைத்துப்போய், மறுநாள் கணிதப் பாடத்தில் தூங்கி விழுபவராக இருக்கலாம். அடுத்த முறை அவருக்குப் போட்டி இருக்கும்போது நேரத்தையும் இடத்தையும் கேட்டு வையுங்கள். ஒரு நண்பரையும் அழைத்துப் போங்கள். அவர் எத்தனையாவதாக வந்தாலும் கைதட்டுங்கள்.