ஜூலை 19-ஐ ஒட்டி யாங்கோன் போகிறவர்களுக்கு

ஜூலை மூன்றாம் வாரத்தில் யாங்கோனுக்கு டிக்கெட் எடுத்திருந்தால், பயணத்தைச் சில நாள் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் பாருங்கள். ஜூலை 19 அங்கே தியாகிகள் தினம். 1947-ல் அன்று காலை 10.37 மணிக்குத் தலைமைச் செயலகத்தில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவருடைய சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்த ஒன்பது பேரில் ஒருவரான கல்வி அமைச்சர் அப்துல் ரசாக், இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். அங்குள்ள நம் சொந்தங்களுக்கும் அது துக்க நாள்தான்.

தியாகிகள் நினைவிடம் ஷ்வேடகோன் பகோடாவின் வடக்கு வாசலுக்கு அருகில் இருக்கிறது. பகோடாவைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. நினைவு நாள் நெருங்க நெருங்க, அந்தப் பக்கம் காவல் கூடும், சாலைகள் அடைபடும். பகோடாவை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கூட்டம் என்றால் நமக்கு நெரிசல்தான் பயம். கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று 41 உயிர்கள் போன வேதனை இன்னும் ஆறவில்லை. யாங்கோனில் அதைவிடப் பெரிய ஆபத்து, துக்கத்துக்குக் கூடுகிறவர்களை அரசு எதிரிகளாகப் பார்ப்பது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் உடல் 1974 டிசம்பரில் ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோன்) வந்தபோது, ராணுவ அரசு உரிய மரியாதை தரவில்லை. டிசம்பர் 5-ல் மாணவர்கள் சவப்பெட்டியைப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். 11-ஆம் தேதி ராணுவம் உள்ளே புகுந்தது. நகரில் ராணுவச் சட்டம் வந்தது. அஞ்சலி செலுத்தப் போனவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள்.

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, தியாகிகள் தினத்தன்று 10.37-க்கு ஹாரன் அடிப்பதே எதிர்ப்பாகிவிட்டது. அதற்காகக் கைதானவர்களும் உண்டு. நீங்கள் ஏறிய டாக்சிக்காரர் அடித்தாலும் போனை வெளியே எடுக்காதீர்கள். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். தண்டனைச் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 505ஏ பிரிவின்படி, அச்சமூட்டும் செய்தி, பொய்ச் செய்தி பரப்பியதாகச் சொல்லி மூன்றாண்டு வரை சிறையில் வைக்கலாம். அரசியல் படம், பகிர்வு எதுவும் போனில் இல்லாமல் போவதே புத்திசாலித்தனம்.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரவு தங்கும் விருந்தாளியை வார்டு நிர்வாக அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரி 13-ல் திரும்பவும் வந்தது. பதியாவிட்டால் முதலில் மாட்டுவது சோறு போட்ட வீட்டுக்காரர். அதே நாளில், 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்ற பாதுகாப்பையும் நிறுத்திவைத்தார்கள். நம் ஊர் நினைப்பில் அங்கே வாரண்ட் கேட்டு வாதாட முடியாது.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்பதில்லை. 1963-ஆம் ஆண்டு வியன்னா துணைத்தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். இந்தியத் தூதரகம் நகர மையத்தில், மெர்ச்சன்ட் தெருவில் இருக்கிறது. "என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று அமைதியாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மியான்மர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினருக்கு இந்த உரிமை கிடையாது. ஆகவே அவர்களை எந்த வம்பிலும் இழுத்துவிடாதீர்கள்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கு வழி, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம். பயணியோடு தொடர்பு அறுந்தால் நாள் கடத்தாமல் அதில் புகார் பதியலாம். அதற்குப் பாஸ்போர்ட் எண்ணும் தங்கும் முகவரியும் வேண்டும். இரண்டையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.