பள்ளிக்கூடம் புகுந்த பேசும் நாய்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே, ஏழு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்கென ஒருவகைக் குறுநாவல்கள் எழுதப்படுகின்றன. படப் புத்தகத்தை விட்டுவிட்ட, ஆனால் பெரிய நாவலை இன்னும் தொடாத பிள்ளைக்கே அவை உரியன. படங்கள் சிலவே, அத்தியாயங்கள் மிகக் குறுகியவை. ஓர் அத்தியாயத்தை ஒரே இருப்பில் தானாகவே வாசித்து முடித்த பெருமிதம், பிள்ளையை அடுத்ததற்கு இழுத்துச் செல்கின்றது. இந்நூல்களிலே அடிக்கடி தலைகாட்டும் பாத்திரம் ஒன்றுண்டு. அதுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிடும் பேசும் நாய்.

இந்த நாய் நேற்றுப் பிறந்ததன்று. ‘டொன் குயிக்சோட்’ எழுதிய ஸ்பானியப் பேரெழுத்தாளர் செர்வாண்டிஸ், 1613 ஆம் ஆண்டிலே பன்னிரண்டு கதைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டார். அதன் இறுதிக் கதை இரண்டு நாய்களின் உரையாடலாகும். வல்லதோலித் நகரத்து வைத்தியசாலையிலே, பிச்சை திரட்டுபவனுடன் இரவில் விளக்கேந்திச் செல்லும் இரு நாய்களுக்குத் திடீரெனப் பேச்சு வந்துவிடுகின்றது. படுக்கையிற் கிடந்த நோயாளி ஒருவன் அதைக் கேட்டு எழுதிவைக்கின்றான். பெர்கன்சா என்னும் நாய் தன் வரலாற்றைச் சொல்ல, சிப்பியோன் என்னும் நாய், வளவளவென்று பேசாதே, புறங்கூறாதே, கதையை விட்டு விலகாதே என்று இடையிடையே கண்டித்துக்கொண்டேயிருக்கின்றது. கசாப்புக்காரரும் சூனியக்காரியும் வருகின்ற இக்கதை சிறுவர்க்கு எழுதப்பட்டதன்று. எனினும், அதன் நடுவே வரும் பள்ளிக்கூடப் பகுதி எந்தச் சிறுவனையும் சிரிக்கவைக்கும்.

செவில் நகரத்து வணிகனொருவனின் வீட்டிலே பெர்கன்சா காவல் நாயாக இருந்தது. வணிகனின் புதல்வர் இருவரும் இயேசு சபைக் குருமாரின் பள்ளியிலே பயின்றனர். ஒருநாள் அவர்கள் முற்றத்திலே மறந்துவிட்டுப்போன பாடக் குறிப்பேட்டை நாய் வாயிற் கவ்விக்கொண்டு பள்ளிவரை சென்று ஒப்படைத்தது. அன்றுமுதல் அதுவே அதன் தொழிலாயிற்று. வகுப்பறை வாயிலிலே குந்தியிருந்து, பாடஞ் சொல்லும் ஆசிரியரையே கண்கொட்டாது பார்த்திருக்கும். அவர்கள் அன்போடும் பொறுமையோடும் கற்பித்த முறையை அது மெச்சிப் பேசுகின்றது. ஆசிரியரை மெச்சும் நாய் இலக்கியத்தில் அரிது!

மாணாக்கருக்கோ இந்த நாய் பெரும் விருந்து. எறிந்த தொப்பிகளை எடுத்துவரச் செய்தார்கள். கொட்டைகளை உடைத்துத் தின்னச் செய்தார்கள். கீரைவகைகளைக் கூடக் கொடுத்து, மனிதனைப்போல் அது உண்ணும் அழகைப் பார்த்து மகிழ்ந்தார்கள். இதற்குப் பணம் வேண்டுமே! ஆகவே நெப்ரிஹா என்னும் அறிஞரின் இலத்தீன் இலக்கண நூல்களுட் சில அடகுக்கும் விலைக்கும் போயின. இலக்கணத்தை விற்று நாய்க்குக் காலையுணவு வாங்கிய மாணாக்கரை எந்தக் காலத்து ஆசிரியரும் எளிதில் அடையாளங் காண்பர்.

முடிவு வந்தது. பாடங்களுக்கிடையே மீட்டுப் பார்ப்பதற்கென விடப்பட்ட அரைமணி நேரத்தை மாணாக்கர் நாயோடு விளையாடிக் கழிக்கின்றனர் என்பதை ஆசிரியர் உணர்ந்தனர். இனி நாயைக் கொண்டுவரலாகாது என்று கட்டளை பிறந்தது. பெர்கன்சா மீண்டும் வீட்டுச் சங்கிலிக்கும் எலும்புத் துண்டுக்கும் திரும்பியது. ஆசிரியரின் நியாயத்தைக் கதை மறுக்கவில்லை. நாயின் துயரத்தை மறைக்கவுமில்லை. இரண்டையும் ஒருங்கே காட்டுவதாற்றான் நகைச்சுவை இங்கே ஆழம் பெறுகின்றது.

பெர்கன்சா பள்ளியிலே வாய் திறந்ததில்லை. பேச்சு வந்தது பின்னரே. இக்காலச் சிறுவர் நூல்களின் நாயோ அவ்விடத்திலேயே பேசிவிடும். 1992 ஆம் ஆண்டில் சூசன் மெடோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் மார்த்தா என்ற நாயைப் படைத்தார். எழுத்து வடிவான மாத்துண்டுகள் மிதக்கும் சூப்பை அது குடிக்க, எழுத்துகள் வயிற்றுக்கு இறங்காமல் மூளைக்கு ஏறிவிடுகின்றன. வந்த பேச்சு நிற்பதாயில்லை. ஒருவர் அனுப்பிய கேக்கைப்பற்றி வீட்டார் மறைவிலே கூறியதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுகின்றது. அது படப் புத்தகமே. ஆயினும் பேசும் நாயின் இயல்பு அதிலே தெளிவாகத் தெரிகின்றது. நாய்க்குப் பொய்யும் தெரியாது, உபசாரமும் தெரியாது. பள்ளிக்கூடமோ விதிகளால் ஆனது. வரிசையில் நில், கையை உயர்த்து, மணி அடித்தாற்றான் எழு என்னும் விதிகளுக்கெல்லாம் காரணங் கேட்கும் நாயை அங்கே விட்டால், நகைச்சுவை தானாகவே விளையும்.

இதிலே வேறொரு நுட்பமும் உண்டு. வகுப்பிலே எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு எல்லாரும் தன்னிலும் அறிந்தவராகவே தோன்றுவர். நூலில் வரும் நாயோ அப்பிள்ளையிலும் குறைவாகவே அறியும். நாய் தவறும்போது பிள்ளை முந்திக்கொண்டு திருத்துகின்றது. ஒரு நாழிகையேனும் அது ஆசிரியராகின்றது. சில நூலாசிரியர் இதனை மறந்து, நாயின் வாயிலே நற்போதனைகளை ஊட்டிவிடுவர். அத்தகைய நூலைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே மோந்து பிடித்துவிடுவர்.

1999 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி நகரத்து நூலகத்தில், பிள்ளைகள் பயிற்சி பெற்ற நாய்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டமொன்று தொடங்கியது. பின்னர் அது பாடசாலைகளுக்கும் பரவியது. வாசிக்கும் பிள்ளையின் அருகே நாய் படுத்திருக்கும். பிழைவிட்டாலும் அது சிரிப்பதில்லை. இடையில் மறித்துத் திருத்துவதுமில்லை. செவிலிலே அரைமணி நேரத்துக்காக வெளியேற்றப்பட்ட நாய், இங்கே அதே அரைமணி நேரத்துக்காக உள்ளே அழைக்கப்படுகின்றது.