புரை முற்றும்வரை காத்திருப்பதா?

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், இருபது ஆண்டுகளாக மூக்குக் கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிக்க முடியாதவர், திடீரென ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குகிறார். பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உண்மையில் அது பல நேரங்களில் கண்புரையின் தொடக்கம். விழிவில்லையின் நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளிவிலக்கும் திறன் கூடுகிறது. கிட்டத்தில் உள்ள எழுத்து தெளிகிறது, தொலைவில் வரும் பேருந்தின் எண் மங்குகிறது. சில காலத்தில் கிட்டப் பார்வையும் மங்கிவிடும்.

கண்புரை என்பது கண்ணின் மேல் வளரும் தோலோ சதையோ அன்று. கருவிழியில் ஏற்படும் தழும்பைத்தான் 'பூ விழுந்துவிட்டது' என்கிறோம். நாற்பது வயதில் எழுத்து மங்குவது வெள்ளெழுத்து. புரை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நீராலும் புரதத்தாலும் ஆனது. அப்புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது பளிங்குபோல் இருக்கிறது. வயது ஏற ஏறப் புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, கடும் வெயில் ஆகியவை இதை விரைவுபடுத்தும். திரண்ட புரதத்தைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இன்றுவரை மருத்துவ நடைமுறைக்கு வரவில்லை. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் காரணம் கண்புரை. குணப்படுத்தக்கூடிய நோய் ஒன்று இன்னமும் இத்தனை பேரை இருளில் வைத்திருப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, 'புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்' என்னும் அறிவுரை.

இந்த அறிவுரை மூடநம்பிக்கையன்று. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். அன்று வில்லையை முழுதாக வெளியே எடுப்பார்கள். காயம் பெரிது. தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். எடுத்த வில்லைக்கு மாற்று கிடையாது. தடித்த கண்ணாடிதான் கதி. அதன் வழியே பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பக்கவாட்டுப் பார்வை குறுகும். ஓரளவு பார்வை எஞ்சியிருப்பவருக்கு அச்சிகிச்சை நன்மையைவிடத் தொல்லையே தந்திருக்கும். ஆகவே, காத்திருக்கச் சொன்னது அன்று நியாயமே.

நிலைமையை மாற்றியவர் ஆங்கிலேய மருத்துவர் ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் சிக்கியும், கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். 1967-இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைக் கண்டு, புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சும் முறையை வகுத்தார். செயற்கை வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் மதுரையிலேயே வில்லைத் தயாரிப்பைத் தொடங்கியது. இன்று அரசு மருத்துவமனைகளில் வில்லையுடன் கூடிய சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது.

இந்நிலையில் காத்திருப்பதுதான் ஆபத்து. முற்றி இறுகிய புரையை உடைக்க மீயொலியின் ஆற்றல் கூடுதலாகத் தேவைப்படும். அது கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கக்கூடும். வில்லை ஊதிப் பெருத்தாலோ அதன் புரதம் கசிந்தாலோ கண்ணின் நீர் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு பழுதானால் பிறகு எந்தச் சிகிச்சையாலும் மீளாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அடர்ந்த புரை, விழித்திரையை மருத்துவர் பார்க்கவிடாமல் மறைத்துவிடும்.

அதற்காகப் புரை என்று கேட்டவுடனே மேசைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. அன்றாட வேலைக்குத் தடையில்லாவிட்டால் கண்ணாடியை மாற்றிக்கொண்டு சில காலம் ஓட்டலாம். எதிர்வரும் வாகன வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறதா, படிக்கட்டு தெரியாமல் கால் இடறுகிறதா என்பதே அளவுகோல். விலையுயர்ந்த வில்லையே சிறந்தது என்ற எண்ணமும் சரியன்று. தொலைவுக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துச் செய்யப்படும் பலகுவிய வில்லைகள் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் காட்டும். சாதாரண வில்லை தொலைவைத் தெளிவாகக் காட்டும். படிக்க மட்டும் ஒரு கண்ணாடி தேவைப்படும்.

நம் வீடுகளில் இறுதியாகச் சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்களே. 'வெளியே போய் நான் என்ன பார்க்கப் போகிறேன்' என்பார் பாட்டி. அரிசியில் கல் தெரியாமல், அடுப்பின் தீ எவ்வளவு எரிகிறது என்று புலப்படாமல் அவர் தடுமாறுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தாலோ நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வில்லையின் வழியே ஒளி செல்லாவிட்டால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. பின்னாளில் புரையை அகற்றினாலும் முழுப் பார்வை வராது.

அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் சொட்டு மருந்து தேவை. கண்ணைக் கசக்கக் கூடாது. வலி, சிவப்பு, பார்வைக் குறைவு திடீரென ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கும். 'புரை திரும்ப வளர்ந்துவிட்டது' என்று அஞ்சுவார்கள். புரை திரும்புவதில்லை, செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய உறைதான் மங்கியிருக்கும். லேசர் கொண்டு சில நிமிடங்களில் அதைச் சரிசெய்து அன்றே வீடு திரும்பலாம்.