துடிப்பின் இடைவெளியும் கிளினிக் திகதியும்

நெஞ்சுக்கூட்டின் உள்ளே – 7

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதல்ல, உடம்புக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்க மாட்டாமல் தளர்ந்துபோவது என்று சென்ற வாரம் பார்த்தோம். கரைவலை இழுத்த மனிதருக்கு வாடியிலிருந்து வீடு வரை நடக்கவே மூச்சு வாங்கும். இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடியும். கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் குளிசையோடு வாழ்பவர்களில் யாருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா?

மன்னார் தீவின் தென்கரையில் உள்ள ஓலைத்தொடுவாயை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடற்றொழிலை நம்பிய ஊர். இதய நோயாளி என்று கொப்பி போட்டுவிட்டால் மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், கையில் ஒரு பை நிறையக் குளிசை. அதற்கு மேலான பரிசோதனை வேண்டுமென்றால் தீவைத் தாண்டிப் போக வேண்டும். சங்குப்பிட்டிப் பாலம் 2011-இல் திறந்த பிறகு யாழ்ப்பாணப் பயணம் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் மூச்சு வாங்கும் ஒருவருக்கு அது நெடும் பயணம்தான். பெரிய நகரங்களில் எழுதப்பட்ட ஆய்வு முடிவுகள் இந்த ஊர் நோயாளிக்கு என்ன தரும் என்பதுதான் என் கேள்வி.

ஆபத்தை முன்கூட்டியே காட்டும் தடயத்தை ஈசிஜி தாளில் தேடலாம். அந்தத் தாள் செக்கனுக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். அதில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெக்கன். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே 20 கட்டம் இருந்தால் 800 மில்லிசெக்கன், அதாவது நிமிடத்துக்கு 75 துடிப்பு. நல்ல உடம்புள்ள இளைஞர் ஒருவரின் தாளை எடுத்துக் கட்டங்களை எண்ணினால் எல்லா இடைவெளியும் 20 ஆக இருக்காது. 20, 21, 23, 22, 19 என்று ஏறி இறங்கும். மூச்சை உள்ளே இழுக்கையில் இடைவெளி குறுகும், வெளியே விடுகையில் நீளும். இது கோளாறல்ல. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இதயத்தை நொடிக்கு நொடி பிடித்தும் விட்டும் ஆள்கிறது என்பதற்கான தடயம்.

அந்த நரம்பின் வலிமையை இந்தக் கரையோரம் நன்றாகவே கண்டிருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் பெரும் முத்துக்குளிப்பு மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்தது. மூச்சை அடக்கி முகம் நீரில் அமிழ்ந்ததும் வேகஸ் இதயத்தை மெதுவாக்கி ஒட்சிசனைச் சேமித்துக்கொடுக்கும். அவுஸ்திரேலியப் பகுதியில் முத்துக்குளிப்பவர்களிடம் ஷோலாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் இதை அளந்து 1962-இல் வெளியிட்டார்கள். மூச்சுப் பிடித்துக் கடலடிக்குப் போய் வந்த ஒவ்வொரு மனிதரும் இந்த நரம்பின் தயவில்தான் திரும்பி வந்தார்.

இதயம் தளரும்போது கதை மாறுகிறது. இரத்தம் போதவில்லை என்று உணர்ந்த உடம்பு, இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது, வேகஸ் பின்வாங்குகிறது. முதலில் அது உதவிதான். மாதக்கணக்கில் நீடித்தால், திறொட்டில் முழுதாகத் திறந்தபடி இறுகிப்போன படகு எஞ்சினைப் போல இதயம் ஒரே வேகத்தில் ஓடித் தேய்கிறது. தாளில் கட்டங்களை எண்ணினால் 16, 16, 16, 16 என்று வரும். கேட்பவருக்கு ஒழுங்கான துடிப்பு, ஆனால் அந்த ஒழுங்கே கெட்ட சகுனம்.

இதை எண்ணாக்கும் முறை எளிது. ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மார்பில் மாட்டினால் ஏறக்குறைய ஒரு இலட்சம் துடிப்புகள் பதிவாகும். இடையில் தவறி விழுந்த துடிப்புகளை நீக்கிவிட்டு, மீதி இடைவெளிகளின் நியம விலகலைக் கணிக்க வேண்டும். 1987-இல் கிளைகரும் கூட்டாளிகளும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை இப்படி அளந்தார்கள். விலகல் 50 மில்லிசெக்கனுக்குக் குறைந்தவர்களின் இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களுடையதைப் போல 5.3 மடங்கு.

நாட்பட்ட இதயச் செயலிழப்புக்கு இதைக் கொண்டுவந்தது பிரித்தானியாவின் யூ.கே. ஹார்ட் ஆய்வு. நோலனின் குழு 433 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டது. விலகல் 100-க்கு மேல் இருந்தவர்களில் ஆண்டுக்கு 5.5 வீதம் பேர் இறந்தார்கள். 50-க்கும் 100-க்கும் இடையில் 12.7 வீதம். 50-க்குக் கீழே 51.4 வீதம். கடைசி எண்ணை முதன்முறை பார்ப்பவர் யாரும் ஒரு கணம் நின்றுவிடுவார்: இரண்டில் ஒருவர். ஆனால் அது இன்றைய பீட்டா தடுப்பு மருந்துகள் வழக்கத்துக்கு வருமுன் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் கணக்கு. அதே எண்ணை இன்று ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்வது அநியாயம். இன்னொன்று, இந்த அளவு நோய் முற்றி வரும் மரணத்தைத்தான் நன்றாகக் கணித்தது. திடீர் மரணத்தைக் கணிக்க, 2003-இல் இத்தாலியின் லா ரொவெரே குழு, ஒரே சீராக மூச்சு விடச் செய்து எடுத்த குறுகிய பதிவிலிருந்து வேறோர் அளவைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நான் வாசகரை நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். சரி, தெரிந்துவிட்டது. பிறகு? மாரடைப்பு வந்து சில வாரங்களுக்குள், இதயம் தளர்ந்து, துடிப்பின் ஏற்ற இறக்கமும் குறைந்துபோன (அல்லது நாடி வேகமாக இருந்த) 674 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மார்பில் அதிர்ச்சிக் கருவி பொருத்திப் பார்த்த டைனமிட் ஆய்வு 2004-இல் வந்தது. தாளம் தப்பி இறந்தவர்கள் குறைந்தார்கள். வேறு காரணங்களால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த இறப்பு குறையவில்லை. ஆபத்தில் இருப்பவரை அந்த அளவு சரியாகத்தான் சுட்டியது. சுட்டியதற்கு மருந்து அந்தக் கருவியாக இருக்கவில்லை.

அதே 2004-இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் ஓலைத்தொடுவாய்க்குப் பொருத்தமானதாக நான் எடுத்துக்கொள்கிறேன். பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் நாள்தோறும் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்துவந்த நோயாளிகளை ஆடம்சனின் குழு கவனித்தது. நோய் முற்றி வைத்தியசாலையில் சேர வேண்டிய நாளுக்கு ஏறக்குறைய 16 நாள் முன்னமே அந்த அளவு இறங்கத் தொடங்கியிருந்தது. பத்தில் ஏழு தடவை கருவி அதைப் பிடித்தது. ஆளுக்கு ஆண்டில் இரண்டுக்குச் சற்று மேல் பொய் எச்சரிக்கையும் தந்தது.

16 நாள். கிளினிக் திகதி 28 நாளுக்கு ஒருமுறை. கிளினிக்குக்குப் போய்வந்த மறுவாரம் உடம்பு சரியத் தொடங்கினால், அடுத்த திகதி வருமுன்னே அந்த மனிதர் நடுச்சாமத்தில் மூச்சுத் திணறி எழுந்திருப்பார். துடிப்பளவு உண்மையில் கணித்துச் சொல்வது மரணத் திகதியை அல்ல, இரண்டு கிளினிக்குகளுக்கு நடுவே உள்ள இந்த ஆபத்தான வெளியைத்தான். அதனால் இந்த அறிவியலை, “இவருக்கு இன்னும் எவ்வளவு காலம்” என்று கேட்கப் பயன்படுத்தாமல், “இவரை எப்போது மறுபடி பார்க்க வேண்டும்” என்று முடிவுசெய்யப் பயன்படுத்த வேண்டும் என்பேன்.

பேஸ்மேக்கர் இல்லாமல் இதை எப்படிச் செய்வது? இரண்டு எளிய அளவுகள் இருக்கின்றன. ஒன்று, ஓய்வில் எண்ணும் நாடி. 2010-இன் ஷிஃப்ட் ஆய்வில், சோதனை மருந்து பெறாத பிரிவில், நாடி 87-ஐத் தொட்டவர்களுக்கு நோயால் இறப்பதோ வைத்தியசாலையில் சேர்வதோ 70, 71 உள்ளவர்களைவிட இரு மடங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. மற்றது எடை. வைத்தியசாலையில் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே எடை ஏறத் தொடங்குகிறது என்று 2007-இல் சௌத்ரியின் குழு காட்டியது. ஏறுவது தசையல்ல, தேங்கும் நீர். பேஸ்மேக்கர் தரும் 16 நாளில் ஏறக்குறைய பாதியை ஒரு தராசு தந்துவிடுகிறது.

லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பிவைக்கும் கைக்கடிகாரங்களும் இப்போது துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகின்றன. “அப்பாட எண் 30 எண்டு காட்டுது, அண்ணா, பயமாக் கிடக்கு” என்று தொலைபேசியில் பதறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிகாரம் சில நிமிடப் பதிவிலோ இரவுத் தூக்கத்திலோ கணிப்பதை, 24 மணி நேரத்துக்குச் சொன்ன 50, 100 என்ற எல்லைகளோடு ஒப்பிடக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கேடு உள்ளவருக்கு எண் மிக உயர்வாகவும் வரலாம். அது ஆரோக்கியமல்ல, அதுவே நோய். யூ.கே. ஹார்ட் போன்ற ஆய்வுகள் அவர்களைச் சேர்க்காததும் அதனால்தான். நாடி தாறுமாறாக அடிக்கிறது என்று தெரிந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும்.

கடலுக்கு அக்கரையில் திருவனந்தபுரத்தில் 2013-இல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவேட்டில் சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. ஓராண்டுக்குள் பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள். இதயத் தசை தளர்ந்தவர்களில், நிரூபிக்கப்பட்ட மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்கள் கால்பங்கினர் அளவே. பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். நமக்குக் கிட்டிய இனத்தவர், கிட்டிய உணவு, கிட்டிய வயது. நுட்பமான கணிப்பில்லாமல் இறந்தவர்களைவிட, வேண்டிய மருந்து சேராமல் இறந்தவர்களே எனக்கு அந்தக் கணக்கில் தெரிகிறார்கள்.

ஆகவே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: திகதி, எடை, நாடி. காலையில் எழுந்து சலம் போய்வந்த பிறகு, தேத்தண்ணி குடிக்குமுன், ஒரே தராசில் எடை. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, முழு ஒரு நிமிடம் நாடி. மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, நாடி வழமையைவிட உயர்ந்து அப்படியே நின்றாலோ, கிளினிக் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம், உடனே போங்கள். கருவாடு வாட்டிச் சாப்பிட்ட இரண்டாம் நாள் எடை ஏறியிருப்பதை அந்தப் பக்கமே காட்டிக்கொடுக்கும். நாடி குறைந்துவிட்டதே என்று பீட்டா தடுப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலை சுற்றினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சுகாதாரத் துறையினரிடம் ஒரு கோரிக்கை. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பதியும் குடும்பநல உத்தியோகத்தர்கள் நம் கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகளின் எடையும் நாடியும் வாரம் ஒருமுறை ஊரிலேயே பார்க்கப்பட்டு, ஏறியவரின் பெயர் அன்றே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் போக வேண்டும். அதற்கு ஒரு தராசும் ஒரு தொலைபேசியும், அந்த வேலைக்கென்று ஒதுக்கிய ஒரு ஆளும் போதும்.

அடுத்த வாரம்: தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தும் என்று ஒதுக்கிவைத்திருந்த பீட்டா தடுப்பு மருந்தை, 1970-களில் சுவீடனின் கோதன்பர்க்கில் துணிந்து கொடுத்தவர்கள்.

(தொடரும்)